பல்கலைக் கழகத்தில் வரலாற்றின் முதற்பாடம்

பள்ளியில் வரலாற்றை நன்கு கற்றுத் தேறிய மாணவன் பல்கலைக் கழகத்திற் புகுந்ததும், ‘வரலாற்று அறிமுகம்’ என்னும் பெயரில் மீண்டும் ஒரு பாடத்தைக் காண்கிறான். ஆண்டுகளும் அரசர்களும் உடன்படிக்கைகளும் முன்னரே அவனுக்கு மனப்பாடம். இன்னும் அறிமுகம் எதற்கு என்று அவன் கேட்பது இயல்பே. பள்ளியிற் சொன்னதையே விரித்துச் சொல்வதுதான் அப்பாடம் என்றால், அவன் கேள்விக்கு விடை கிடையாது. ஆனால் அப்பாடம் பிறந்த கதையையும், அது பட்ட பாட்டையும் அறிந்தால், அது வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

இத்தகைய பாடங்களுள் பெரும்புகழ் பெற்றது நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் 1919ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1918இல், படைப்பயிற்சி பெற்ற கல்லூரி மாணவருக்கு எதன் பொருட்டு இப்போர் நடக்கிறது என்பதை விளக்க ஒரு பாடம் வைத்தார்கள். போர் முடிந்தது, பாடம் முடியவில்லை. ‘இக்கால நாகரிகம்’ என்ற புதுப்பெயருடன் அது முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கட்டாயமாயிற்று. பின்னர் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ‘மேற்கத்திய நாகரிக வரலாறு’ பரவியது. கிரேக்கத்தில் தொடங்கி, ரோமாபுரியைக் கடந்து, மேற்கு ஐரோப்பா வழியாக அமெரிக்காவில் வந்து நிற்கும் ஒரு நேர்கோடு அது. சீனமும் இந்தியாவும் அந்தக் கோட்டில் ஐரோப்பியக் கப்பல் வந்து தட்டும்போதுதான் கண் விழிக்கும்!

இக்குறையை உணர்ந்தவர் அங்கேயே இருந்தனர். சிக்காகோப் பல்கலைக் கழகத்து வில்லியம் மெக்நீல் 1963இல் ‘மேற்கின் எழுச்சி’ என்ற நூலை வெளியிட்டார். பெயர் அப்படியிருப்பினும், நாகரிகங்கள் ஒன்றோடொன்று உறவாடிய கதையாகவே உலக வரலாற்றை அதில் எழுதினார். கி.பி. 1000 முதல் 1500 வரை சீனம் பெற்றிருந்த தலைமையைத் தாம் உரியபடி காட்டவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்திலோ, மேற்கத்தியப் பண்பாட்டுப் பாடம் பெரும் பூசலுக்குள்ளாகி, 1988இல் மாற்றியமைக்கப்பட்டது.

நம் வட்டாரத்திலும் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. ராபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் பிறந்தது. ஐரோப்பியர் எழுதிய தென்கிழக்காசிய வரலாறு கப்பல் தளத்தில் நின்று கரையை நோக்கும் வரலாறாகவே உள்ளது என்ற கண்டனத்தை, வான் லூர் என்ற டச்சு அறிஞர் போருக்கு முன்னரே எழுப்பியிருந்தார். 1942இல் ஜாவாக் கடற்போரில் உயிரிழந்த அவருடைய கட்டுரைகள் 1955இல்தான் ஆங்கில நூலாக வந்தன. 1960இல் சிங்கப்பூர் வரலாற்றுத் துறையினர் தென்கிழக்காசிய வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினர். மறு ஆண்டே, இந்நாடுகளுக்குத் தன்னியல்பான வரலாறு எழுத முடியுமா என்று ஆராயும் ஜான் ஸ்மைலின் கட்டுரை அதில் வந்தது. அவ்வினா இன்றுவரை ஓயவில்லை.

இவையெல்லாம் நல்ல மாற்றங்களே. ஆயினும் ஒரு பட்டியலை எடுத்துவிட்டு அதனினும் நீண்ட பட்டியலை வைத்தால் மாணவனுக்கு என்ன பயன்? 1950 முதல் 1958 வரை சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சனின் புகழ்பெற்ற விதி அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. பாடத்திட்டமும் இருக்கின்ற வாரங்களை நிரப்பும்வரை வீங்கிக்கொண்டே போகும். நாற்பது வாரம் கொடுத்தாலும் போதாது என்பார்கள்.

1991இல் சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 1775இல் அமெரிக்கப் புரட்சியின் முதல் மோதல் லெக்சிங்டனில் நிகழ்ந்தது. அதைப் பற்றிய ஆவணங்களை வரலாற்று அறிஞர் எண்மரிடமும், நன்கு படிக்கும் உயர்பள்ளி மாணவர் எண்மரிடமும் கொடுத்தார். அறிஞர்கள் முதலில் எழுதியவர் யார், எந்த நாள் என்று பார்த்தனர். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒழுங்காகப் படித்தனர். பாடநூற் பகுதியையே மிகவும் நம்பினர். அறிஞர்களோ அதைத்தான் மிகவும் ஐயுற்றனர். அமெரிக்க வரலாற்றில் துறைபோகாத அறிஞர்களும் அவ்வாறே செய்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களைப் பிரித்துக் காட்டியது தகவல் மிகுதியன்று, கேட்கும் முறையே.

இம்முறையை நம் மாணவருக்குப் பயிற்ற லெக்சிங்டன் வரை போக வேண்டியதில்லை. 1819 ஜனவரியில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கிய நிகழ்ச்சியே போதும். முதல் சான்று ராபிள்ஸின் கடிதங்கள். அவை அந்நாட்களிலேயே எழுதப்பட்டவை. ஆனால் டச்சுக்காரரின் எதிர்ப்புக்கிடையே தம் செயலைக் கும்பெனியார் ஏற்குமாறு செய்ய வேண்டிய நிலையில் இருந்தவர் எழுதியவை. இரண்டாவது, முன்ஷி அப்துல்லா மலாயில் எழுதி 1849இல் அச்சான ‘ஹிக்காயத் அப்துல்லா’. அரபு, தமிழ் மரபினரான அவர், மலாக்கா வணிகரின் கணக்கு வழக்குக்கு உதவும் என்று சிறுவயதில் தமிழ் பயின்றவர். பார்க்குவாரே முதலில் வந்து இறங்கினார், ராபிள்ஸ் பின்னர் வந்தார் என்கிறது அவர் நூல். மூன்றாவது, கடலோடி மக்களுள் ஒருவரான வா ஹக்கீம் என்ற முதியவரின் வாய்மொழி. அன்று பதினைந்து வயதுச் சிறுவனாக நேரில் கண்டவர் அவர். வெள்ளையர் இருவரும், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஒருவரும் சேர்ந்தே வந்தனர் என்றார். ஆனால் அது அச்சேறியதோ 1882இல், அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

யாரை நம்புவது? பள்ளியில் முதல்மதிப்பெண் பெற்ற மாணவன் இங்கே திகைப்பான், திகைக்கட்டும். சற்றுப் பொறுத்து அவனைத் தேடச் சொன்னால், ராபிள்ஸ் இறங்கிய நாளில் அப்துல்லா மலாக்காவில் இருந்தார் என்பதைக் காண்பான். அப்படியானால் அவருக்கு இதைச் சொன்னவர் யார்? பார்க்குவார் 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்து, அவ்வூராரின் அன்பைப் பெற்றவர். அவரை நம்பி மலாக்காக்காரர் பலர் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தனர். அப்துல்லா கேட்டது அவர்கள் வாய்க் கதையாக இருக்கலாம். அதில் பார்க்குவார் முன்னே நடந்ததில் வியப்பென்ன? ஆயின் அந்நூலைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது. இறங்கிய நாளுக்கு அது பலவீனமான சான்று. மலாக்கா மக்கள் தம் பழைய அதிகாரியை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கோ அதைப்போன்ற சான்று கிடைத்தற்கரியது. அடுத்த வாரம் ராபிள்ஸின் கடிதங்களையும் இதே கேள்விகளுடன் அவன் எடுத்து உட்காருவான்.