உங்களுக்குத் தெரியுமா? புழுங்கல் அரிசி காத்த கால்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரிசி ஆலைகள் பெருகின. உரலில் குத்திய அரிசியில் கொஞ்சமாவது ஒட்டியிருந்த தவிடு, ஆலையில் சுத்தமாகத் தீட்டப்பட்டுப் போனது. அரிசி வெளுத்தது, கிழக்காசியாவில் பெரிபெரி நோயும் பெருகியது. கால் மரத்து, உடல் வீங்கி, கடைசியில் இதயமே சோர்ந்துபோகும் நோய்.

அப்போது ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மனின் ஆய்வுக்கூடக் கோழிகளும் திடீரென நடை தள்ளாடின. காரணம், ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு! புதிதாக வந்த சமையல்காரர் 'ராணுவச் சோறு ராணுவமல்லாத கோழிகளுக்கா?' என்று மறுத்துவிட, பழையபடி தீட்டாத அரிசி தின்று கோழிகள் தேறின. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றுமில்லை.

மலாயாவில் இன்னொரு விசித்திரம். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கோ அரிதாகவே வந்தது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டினார். ஆனால் பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே அவர் நம்பினார்.

உண்மையில் குறைந்தது தயமின் எனும் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். நீரில் கரையும் சத்து என்பதால், சோறு வடித்த கஞ்சியிலும் கொஞ்சம் போய்விடும். அதில் உப்புப் போட்டுக் குடித்தவர்களுக்கு அதுவும் வீணாகவில்லை.