விழாவுக்கு மென்பொருள்: வாங்கும் முன் எடை போடுங்கள்



திருவிழா என்றாலே ரசீதுப் புத்தகம் முதலில் வந்து நிற்கும் இடம் நம் கடை வாசல்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரம் ஆனாலும், இராஜபாளையத்துத் தெரு விழா ஆனாலும், மேடைக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு நம் கல்லாவிலிருந்து போகிறது. கலைக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்.

இப்போது விழாக் குழுக்களைத் தேடி மென்பொருள் விற்பவர்கள் வருகிறார்கள். ரசீது, நிகழ்ச்சி நிரல், கலைஞர் கணக்கு எல்லாம் செல்போனிலேயே முடியும் என்கிறார்கள். நல்ல வசதிதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறிய நமக்கு அதன் பலன் தெரியும். ஆனால் பொதுப் பணத்தில் வாங்கும் பொருளைப் பளபளப்பைப் பார்த்து வாங்கலாகாது.

பெரிய இடங்களிலும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1947 முதல் நடந்துவரும் 'பிரிஞ்ச்' என்னும் கலை விழா உலகப் புகழ் பெற்றது. 2008இல் அங்கே டிக்கெட் விற்பனைக்குப் புதிய மென்பொருள் வைத்தார்கள். விற்பனை தொடங்கியதுமே அது திணறி நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு சுமார் 17 லட்சமாக இருந்த டிக்கெட் விற்பனை அந்த ஆண்டு சுமார் 15 லட்சமாகக் குறைந்தது. மழை போன்ற வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனாலும் விழா இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. போதிய அளவு சோதித்துப் பார்க்காத சரக்கை நேராக விழாவுக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது.

எனவே, விழாக் குழுவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. முதலில் வேலையைக் காகிதத்தில் எழுதுங்கள். நன்கொடை, கலைஞர் முன்பணம், பந்தல், மைக் செட், சாப்பாடு, வண்டி என்று வரிசையாக வரட்டும். இத்தகைய மென்பொருள் பலவும் டிக்கெட் விற்பதற்கென்றே செய்யப்பட்டவை. நம் விழாவோ பெரும்பாலும் இலவசம். தேவையில்லாத வசதிக்குப் பணம் கொடுப்பானேன்?

2. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் பருப்பு வாங்குவதில்லை. அதுபோலவே, சென்ற ஆண்டுக் கணக்கு முழுவதையும் விற்பவர் முன்னிலையில் ஏற்றச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை பைசா சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள்.

3. தேர் நாளில் கூட்டம் நெருக்கினால் செல்போனில் சிக்னல் கிடைக்காது. இணையம் இல்லாமல் ரசீது போட முடியுமா, பிறகு நம்பர் பிசகாமல் கணக்கில் சேருமா என்று கேளுங்கள்.

4. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, அரசு விலக்கு அளிக்கும் விசேஷ நாட்கள் தவிர, திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. முதல் நிகழ்ச்சி அரை மணி தாமதமானால் மற்றவற்றின் நேரத்தையும் உடனே மாற்றிக் காட்ட வேண்டும்.

5. ஜி-பே, போன்-பே மூலம் வரும் நன்கொடை குழுவின் வங்கிக் கணக்கில் நேராக விழ வேண்டும். மென்பொருள் கம்பெனியின் கணக்கைச் சுற்றி வரக்கூடாது. கமிஷன் உண்டா, ஆண்டுச் சந்தா எவ்வளவு, அடுத்த ஆண்டு ஏறுமா என்பதை எழுதி வாங்குங்கள்.

6. எல்லாவற்றிலும் முக்கியம், நன்கொடையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் சந்தா கட்டத் தாமதமானதும் கம்பெனி கணக்கைப் பூட்டிவிட்டது. மூன்று ஆண்டுப் பெயர்களும் உள்ளே சிக்கிக்கொண்டன. பழைய ரசீது அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப எழுதினோம். ஆகையால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பட்டியலையும் எக்செல் தாளாக வெளியே எடுக்க முடிய வேண்டும். அந்தப் போன் நம்பர்களை வேறு எவருக்கும் தரமாட்டோம் என்று கையெழுத்தும் வாங்க வேண்டும். தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் மத்திய அரசு சட்டமே இயற்றியிருக்கிறது.

முதல் ஆண்டு ரசீதுப் புத்தகத்தையும் கைவிடாதீர்கள். இரண்டு கணக்கும் சேர்ந்தே நடக்கட்டும். விழா முடிந்து இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த ஆண்டு காகிதத்தைக் குறைக்கலாம்.

விழாவில் பாட்டு நன்றாக அமையாவிட்டால் ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் மறக்காது. அடுத்த ஆண்டு நம் கடை வாசலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களை நாம் மலர்ந்த முகத்தோடு வரவேற்பதும், உள்ளே இருந்துகொண்டே 'முதலாளி இல்லை' என்று சொல்லி அனுப்புவதும் அந்தக் கணக்கைப் பொறுத்தே இருக்கிறது.