சூறை வேண்டாம், களஞ்சியம் வேண்டும்

திண்டுக்கல் ஜில்லாவில் பட்டிவீரன்பட்டியை அடுத்த சேவுகம்பட்டியில், தை மாதத்துத் திருவிழாவில், பக்தர்கள் கூடை கூடையாக வாழைப்பழங்களைக் கொணர்ந்து சூறை விடுவது நெடுநாளைய வழக்கம். வீசப்படும் பழத்தைத் தாவிப் பிடிப்பவன் பெறுகிறான். கோயில் விழாவில் அது ஆனந்தமே. ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்குச் சர்க்காரும் சேவா ஸ்தாபனங்களும் செய்யவேண்டிய உதவியும் இவ்வாறே சூறையாக இருக்கலாமா? கால் வழங்காதவனும் கண் தெரியாதவளும் கூட்டத்தின் ஓரத்தில் அல்லவோ நின்றுவிடுவர்?

இன்றைய நிலைமை பெரும்பாலும் இதுவே. ஒரு ஸ்தாபனம் சக்கர நாற்காலி தருகிறது. மற்றொன்று பள்ளி நடத்துகிறது. வேறொன்று சிகிச்சை அளிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. ஒரே குழந்தையின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டு மூவராகக் கணக்கிடப்படும். அடுத்த வீட்டுக் குழந்தையோ எந்த ஏட்டிலும் இராது. தாயானவள் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு வாயில்தோறும் அலைகிறாள்.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் சுமார் 2.68 கோடி பேரும், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள். அக்கணக்கு எட்டுத் தலைப்புகளில் எடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமோ 21 வகைகளை அங்கீகரிக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையைக் கணக்கு எட்டிப் பிடிக்கவில்லை. எண்ணப்படாதவன் உரிமையை எவரிடம் கோருவான்?

ஆகவே, சேவா ஸ்தாபனங்கள் ஒன்றுகூடிப் பொதுவான தகவற் களஞ்சியம் ஒன்றை அமைக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். களஞ்சியமாவது, பல ஏடுகளிலுள்ள விவரங்களைத் திரட்டி, பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டு, இரட்டிப்பை நீக்கி, ஒரே தலைப்புகளின் கீழ் அடுக்கிவைப்பது. யந்திரம் வாங்குவது இதில் முதற்காரியமன்று. யார் விடுபட்டனர், எந்த ஊரில் எந்த உதவி இல்லை, கொடுத்த கருவி பயன்படுகிறதா என்ற கேள்விகளை முதலில் வகுக்கவேண்டும். மத்திய சர்க்காரின் தனித்துவ அடையாள அட்டை எண் விவரங்களை இணைக்க உதவும். ஆயின், அட்டை இல்லாதவனைத் தள்ளிவிடலாகாது. அவனைக் கண்டுபிடிப்பதற்கன்றோ இம்முயற்சி!

இதற்கான கணினி நிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல நிரலாக இருத்தல் அவசியம். கம்பெனியொன்றின் பூட்டிய நிரலை நம்பினால், சாவி அவர்கள் கையில். வருஷந்தோறும் கப்பம் நம் தலையில். நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1990களில் தென்னாப்பிரிக்காவில் தோன்றி, நார்வே தேசத்து ஆஸ்லோ சர்வகலாசாலையின் மேற்பார்வையில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். என்னும் திறந்த நிரல் இன்று பல தேசங்களில் சுகாதாரக் கணக்கைத் தாங்குகிறது. மத்திய சர்க்காரும் 2015இல் திறந்த மூல நிரல்களுக்கு முதன்மை தரும் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் அனுபவம் இல்லாமலில்லை. 1981இல் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமந்தோறும் செல்லும் ஊழியர் குழந்தைகளின் முன்னேற்றத்தைக் கைபேசியிலேயே பதிந்துவரும்படி ஏற்பாடு செய்திருக்கிறது.

நிரல் திறந்திருக்கலாம், மனிதரின் அந்தரங்கம் திறந்திருத்தலாகாது. ஒருவரது நோயும் குறையும் அவரது சம்மதமின்றி வெளியாவது துரோகம். 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது இக்காரணம் பற்றியே. யார் எதைப் பார்க்கலாம் என்பது ஆரம்பத்திலேயே எழுத்தில் இருக்கவேண்டும். அதை வகுக்கும் சபையில் மாற்றுத்திறனாளிகளே முன்னிற்க வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்வலமும் கூட்டமும் மட்டும் தொண்டன்று. சேவுகம்பட்டி போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, வீதி வீதியாகச் சென்று, விடுபட்டவர் யாரென்று சம்மதம் பெற்றுக் கணக்கெடுங்கள். ஓர் ஊரின் கணக்குச் செம்மையானால் ஜில்லாவுக்கு அது மாதிரியாகும். கைநீட்டித் தாவமுடியாதவரின் வாயிலுக்கு உரிமை தானே நடந்துசெல்லும் நாளே உண்மையான சுயராஜ்ய நாள்.