கவலை, வருத்தம், துக்கம்: திருகோணமலையில் மனவேதனையின் சொற்கள்

இலங்கைத் தமிழில் ஆழ்ந்த மனவேதனையைச் சொல்லும் அன்றாடச் சொல் 'கவலை'. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் நாளை என்ன ஆகுமோ என்ற பதைப்பைக் குறிக்கும். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களிலோ, நடந்து முடிந்த இழப்புக்கும் அதுவே சொல். ஒருவர் இறந்த செய்தி வந்தால், "கேட்டதும் சரியான கவலையாப் போச்சு" என்பார்கள்.

'வருத்தம்' என்றால் இங்கே முதலில் உடல்நோய். "அம்மாக்கு வருத்தம்" என்றால் அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொருள், 'வருத்தக்காரர்' நோயாளி. மனநோவைத் தனித்துச் சொல்ல 'மனவருத்தம்' என்பார்கள். 'யோசனை' என்பது விடாது சுழலும் நினைப்பு. "ஒரே யோசனை, நித்திரையில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் திட்டம் எதுவும் தீட்டவில்லை. மனம் பாரத்தில் இருக்கிறது.

'துக்கம்' சாவோடு ஒட்டிய சொல். பௌத்தத்தின் நான்கு வாய்மைகளில் முதலாவது இதுவே. சிங்களத்தில் 'துக' என வழங்கும். தமிழரிடையே துக்கம் விசாரிக்கச் செத்தவீட்டுக்குப் போவதும், துடக்கு எனும் தீட்டுக் காப்பதும், எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் அதற்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. நகருக்கு வடமேற்கே உள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தோன்றியவை என்பது ஐதிகம். இறந்தோருக்கான கடன் செய்ய இன்றும் அங்கே செல்வோர் உண்டு. இம்மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களிடையே கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா எனும் காத்திருப்பில் இருப்பாள்.

இவ்வாறு துக்கத்துக்கு நாட்கணக்கு உண்டு, கவலைக்கு இல்லை. இந்த வேறுபாட்டின் கனத்தை அறிந்தவர்கள் உடலைக் காணாமலே உறவை இழந்தவர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பலரைக் கடலோடு கொண்டுபோனது. உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து போராடுகிறார்கள். சாவு உறுதியாகாத வீட்டில் அந்தியேட்டி செய்தால், இருப்பவரையே இறந்தவராக்கிவிடுவோமோ என்ற அச்சம். செய்யாமல் விட்டால் துக்கத்துக்கு முடிவில்லை. அங்கே எஞ்சுவது கவலை மட்டுமே.

அந்தக் கவலை பல வேளை உடல்வழியே பேசும்: நெஞ்சடைப்பு, தலையிடி, பெருமூச்சு, பசியின்மை. மருந்து எடுத்தும் தீராத இந்த நோவுகளை யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர் இழப்போடு சேர்த்துப் படித்தார்கள். ஆகவே "நெஞ்சுக்குள்ள அடைக்குது" என்பவரிடம், உடலைப் பரிசோதித்த பிறகு, வீட்டில் என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

எல்லாக் கவலையும் நோயல்ல. பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பற்று, நித்திரையும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.