உழைத்தவன் வீட்டிலே ஒரு வழிகாட்டி!

கோமான் கொலுவிருந்த மாளிகையைக் காட்டினார்கள், கண்டோம், தோழர்களே! கூலிக்காரன் குடியிருந்த கூடத்தைக் காட்டுவார் உண்டா?

உண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காமிலே! முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள் அந்நகரிலே ஆயிரமாயிரம் இருந்தன. இடித்தனர். எஞ்சியது, 11 வீடுகள் சூழ்ந்த முற்றம் ஒன்றே! நேஷனல் டிரஸ்ட் அதனை 2004-ல் மக்களுக்குத் திறந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றே அறைகள். துவைக்கும் இடமும் கழிப்பிடமும் எல்லோருக்கும் பொது. பூட்டுத் தொழிலாளியும் கண்ணாடித் தொழிலாளியும் தையற்காரரும் வாழ்ந்த இடம். செங்குத்துப் படிகளிலே நம்மை அழைத்தேறி அவர்கள் கதையைச் சொல்வோர், சம்பளம் பெறாத தொண்டர்கள்!

மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. உழைத்தவனுக்கோ, சொல்லும் வாய்தான் உண்டு! அது ஓய்ந்தால் மிஞ்சுவது நான்கு சுவர். ஓய்வு நாளைத் தந்து அவன் வரலாற்றை உரைப்பது பொழுதுபோக்கன்று. கடன் தீர்க்கும் பணி என்போம் நாம்!