பேராசிரியர் வில்சனும் வாவிக்கரை வாக்காளரும்

அரசியலைப் பற்றிப் பேசாதார் மட்டக்களப்பிற் சிலரே. அரசியலை ஒரு கல்வியாகப் பயின்றார் அவரினுஞ் சிலர். தேர்தற் காலத்தில் எழுவான்கரைக் கடைத்தெருவிலும் படுவான்கரை வயல்வாடியிலும் நிகழும் உரையாடல்களிற் கூர்மைக்குக் குறைவில்லை. எனினும், வாக்கு எவ்வாறு ஆசனமாகின்றது, ஆசனம் எவ்வாறு அதிகாரமாகின்றது, அதிகாரம் ஏன் பல வேளைகளில் வாக்களித்தவனிடம் திரும்பி வருவதில்லை என்னும் வினாக்களை ஒழுங்காக ஆராய்தல் பிறிதொரு தொழில். அத்தொழிலை இலங்கைத் தமிழரிடையே வாழ்நாட் பணியாக மேற்கொண்டவருள் தலையாயவர் பேராசிரியர் அல்பிரட் ஜெயரட்ணம் வில்சன்.

1928ஆம் ஆண்டிற் பிறந்த வில்சன் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். சேர் ஐவர் ஜெனிங்ஸ் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த காலம் அது. நாட்டின் அரசியற்றிட்டத்தை வரைவதிற் பெரும் பங்கு கொண்டவரே பல்கலைக்கழகத்தையும் நடத்தினாராதலின், அங்குப் பயின்ற மாணவருக்கு அரசியற்றிட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. பின்னர் வில்சன் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராதனையில் விரிவுரையாளராய் உயர்ந்து, அங்கு அரசியல் விஞ்ஞானத்தின் முதற் பேராசிரியரானார். 1972இற் கனடா சென்று நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு கற்பித்து ஓய்வு பெற்றார்; 2000ஆம் ஆண்டிற் காலமானார். தமிழரசுக் கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் மருமகன் என்பது அன்னாரைப் பற்றி எல்லாரும் அறிந்த செய்தி. அதனாலேயே அவர் எழுத்தைக் கட்சிக்காரரின் எழுத்து எனத் தள்ளினாரும் உளர். அதனாலேயே ஆராயாது ஏற்றாரும் உளர். இரு சாராரும் அவர் நூல்களைப் பொறுமையாகப் படித்தவரல்லர்.

வில்சனின் தொடக்ககால ஆராய்ச்சியிற் பெரும் பகுதி தேர்தலையும் அரசியற்றிட்டத்தையும் பற்றியது. 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைப் பற்றி மட்டுமே அவர் ஒரு தனி நூல் எழுதினார். 1975இல் அது வெளிவந்தது. தேர்தல் என்பது கூட்டமும் கொடியும் மாலையும் என்று எண்ணுவோருக்கு அத்தகைய ஆராய்ச்சி வறண்டதாகத் தோன்றும். ஆனால் தொகுதியின் எல்லை எங்கு விழுகின்றது என்பதே, பல இடங்களில், யார் வெல்வார் என்பதை வாக்கெடுப்புக்கு முன்னரே முடிவு செய்துவிடுகின்றது. இதனை விளங்கிக்கொள்வதற்கு மட்டக்களப்பினுஞ் சிறந்த பாடசாலை இலங்கையில் இல்லை.

சோல்பரி அரசியற்றிட்டத்தின் கீழ், மாகாணத்துக்கு மாகாணம், 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும் 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கு ஓர் ஆசனமும் ஒதுக்கப்பட்டன. சனத்தொகை குறைந்து நிலம் பரந்த மாகாணங்களுக்கு இஃது ஒரு சலுகை. நிலப்பரப்பின் பேரில் நாடு முழுவதற்கும் கிடைத்த ஆசனங்கள் 25. அவற்றுள் நான்கு கிழக்கு மாகாணத்துக்குரியன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் கிழக்குக்கு இருந்த மொத்த ஆசனங்கள் ஏழேயாதலின், பாதிக்கு மேற்பட்டவை மக்களுக்காக அன்றிக் காட்டுக்கும் வயலுக்கும் வாவிக்குமாகக் கிடைத்தவை எனலாம். சிறுபான்மையினர் பரந்து வாழும் நிலப்பகுதி அவர்களுக்கே கூடுதலான பிரதிநிதிகளைத் தரும் என்பது அன்றைய எண்ணம். குடியேற்றத் திட்டங்களால் அந்நிலத்தின் சனத்தொகை மாறினால் அச்சலுகை யாருக்குப் பயன்படும் என்னும் வினாவை அன்று எழுப்பியோர் மிகச் சிலர். பட்டிப்பளை ஆற்றின் மேல் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அவ்வினாவுக்கு விடையளித்தது. 1960ஆம் ஆண்டு முதல் அம்பாறை ஒரு தனித் தொகுதி. 1961இல் அது ஒரு தனி மாவட்டமும் ஆயிற்று.

மட்டக்களப்புத் தொகுதியின் வரலாறு இன்னும் சுவையானது. தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் மாறி மாறி வாழும் கரை இது. ஓர் ஆசனமே இருந்த காலத்தில் ஒரு சமூகம் வென்றால் மற்றது வெறுங்கையோடு திரும்பவேண்டும். 1947இல் அகமது லெவ்வை சின்னலெவ்வை வென்றார், 1956இற் செ. இராசதுரை வென்றார். இவ்விடரைத் தீர்க்கும் வழி அரசியற்றிட்டத்திலேயே இருந்தது. இனத்தாலோ மதத்தாலோ ஒன்றுபட்ட மக்கள் ஓரிடத்திற் கணிசமாக வாழின், ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவரைத் தெரியும் தொகுதியை அங்கு அமைக்கலாம். 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயம் மட்டக்களப்பையும் மூதூரையும் அவ்வாறு இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாக்கியது. வாக்காளன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிப்பினும் செல்லும். எண்ணிக்கையிற் சிறிய சமூகம் தன் வாக்கு முழுவதையும் ஒருவர்மீது குவித்தால் அவரை வெல்லச் செய்யலாம்.

கணக்கு அழகானது, மனிதர் எப்போதும் கணக்கின்படி நடப்பதில்லை. வில்சன் நூலுக்குப் பொருளான 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் மட்டக்களப்பு மக்கள் சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகத்தையும் தமிழரசுக் கட்சியின் இராசதுரையையும் தெரிந்தனர். இருவரும் தமிழர். முஸ்லிம் சமூகத்துக்கு இடமளிப்பதற்கென அமைந்த இரண்டாம் ஆசனம் அம்முறை அவர்களுக்குக் கிட்டவில்லை. 1977இல் மீண்டும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவாயினர். அத்தேர்தலில் ஒரே இயக்கத்தைச் சார்ந்த இராசதுரையும் கவிஞர் காசி ஆனந்தனும் உதயசூரியன் சின்னத்திலும் வீட்டுச் சின்னத்திலுமாக எதிரெதிரே நின்றமை மட்டக்களப்பாரால் மறக்கக்கூடியதன்று.

1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை மட்டக்களப்பிலிருந்து நோக்குவோர்க்கு அதன் சில வாசகங்கள் தனிப்பொருள் தரும். வட மாகாணம் ஒரே பிராந்தியமாகும் என்ற ஒப்பந்தம், கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகப் பிரிக்கப்படும் என்றது. மாகாண எல்லை கடந்து பிராந்தியங்கள் இணையவும், ஒன்று பிரியவும், பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு இடமிருந்தது. குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரமும் பிராந்திய சபைக்கே உரியதாயிற்று. ஆனால் கல்லோயாச் சபையின் ஆட்சியிலிருந்த பகுதி மட்டும் மேலும் ஆலோசிக்கப்படவேண்டியதென விடப்பட்டது. வடக்குக்கு ஒரு வரியில் முடிந்த காரியம் கிழக்குக்கு ‘அல்லது’ என்றும் ‘ஆலோசிக்க’ என்றும் நீண்டது. 1958இல் ஒப்பந்தமே கிழித்தெறியப்பட்டதனால் அந்த ‘அல்லது’ சோதிக்கப்படாமற் போயிற்று.

வில்சனின் வாழ்வில் மிக்க ஆராய்ச்சிக்குரிய பகுதி 1978 முதல் 1983 வரையுள்ள ஐந்தாண்டுகள். அக்காலத்திற் கனடாவிலிருந்து வந்து வந்து சென்ற அவர், ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களுக்கும் இடையே தூது நடந்தார். ஒரு பக்கம் ஆறில் ஐந்து பங்கு ஆசனம் பெற்ற அரசாங்கம். மறுபக்கம் தனிநாட்டுக் கோரிக்கைக்கு மக்களாணை பெற்றதாகக் கூறிய கட்சி. ஆணை என்ற சொல்லை இங்குச் சற்று நிறுத்திப் பார்த்தல் தகும். 1977இல் வடக்கின் 14 ஆசனங்களுள் 14ஐயும் கூட்டணி வென்றது. கிழக்கின் 12இல் வென்றவை நான்கே. கல்குடா மக்கள் ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகத்தை அனுப்பினர். அந்நால்வருள்ளும் பொத்துவில் கனகரத்தினம் விரைவில் ஆளுங்கட்சியிற் சேர்ந்தார். 1979இல் இராசதுரையும் சேர்ந்து அமைச்சரானார். இதனைத் தனிமனிதரின் துரோகமெனப் பேசி முடித்தல் எளிது. வடக்குத் தலைமைக்கும் கிழக்கு வாக்காளருக்கும் இடையே நெடுநாளாக இருந்த இடைவெளியை அஃது எவ்வளவு காட்டிற்று என்று கேட்பதே அரசியல் விஞ்ஞான மாணவனின் கடன். 1956இல் தமிழரசுக் கட்சியின் பேரில் வென்ற கல்முனைக் காரியப்பரும் பொத்துவில் முஸ்தபாவும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றமையும் இவ்வரிசையில் வைத்தெண்ணத் தக்கது.

தூதின் பயன் மாவட்ட அபிவிருத்திச் சபை. முன்னாட் பிரதம நீதியரசர் விக்டர் தென்னக்கோன் தலைமையில் 1979இல் அமைந்த ஆணைக்குழுவில் வில்சனும் நீலன் திருச்செல்வமும் இருந்தனர். குழுவின் பெரும்பான்மையோர் தரவிரும்பிய அதிகாரம் குறைவென்று கண்ட நீலன் தம் மாறுபாட்டைத் தனியாக எழுதினார். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்டப் பாராளுமன்ற அங்கத்தவரும் மக்களால் தெரியப்பட்டோரும் சபையில் அமர்ந்தனர். ஆனால் அதன் நிர்வாகக் குழுவில் ஜனாதிபதி நியமித்த மாவட்ட அமைச்சருக்கும் இடமிருந்தது. வீட்டுக்காரனுக்குத் திறவுகோலைக் கொடுத்துப் பூட்டின் மற்றொரு திறவுகோலைத் தன் மடியில் முடிந்துகொண்ட கதை இது. 1981 ஜூனில் நடந்த தேர்தலை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக்குப் பின் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மாவட்டம் என்னும் அலகு, அதிகாரம் வாய்ந்ததாக அமைந்திருப்பின், மட்டக்களப்புக்கு ஒவ்வாத ஒன்றன்று. தன் வயலுக்கு நீர் வரும் வாய்க்காலையும், மீன்வாடிக்குச் செல்லும் தெருவையும், மேய்ச்சற்றரையையும் பற்றிய முடிவைக் கொழும்பிலன்றி வாவிக்கரையிலேயே செய்தல் எவர்க்கும் நன்று. குறை அலகின் அளவிலன்று. அதற்கு ஈந்த பணத்திலும் அதிகாரத்திலுமே இருந்தது.

1980இல் வெளிவந்த நூலில் வில்சன் 1978ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்தைப் பிரான்சு தேசத்துத் தெகோலின் முறையோடு ஒப்பிட்டார். நாடு முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும்போது பாதிக்கு மேல் வாக்குப் பெற விழையும் ஒருவர் சிறுபான்மையோரைப் புறக்கணிக்க இயலாது என்பது அக்காலத்து நம்பிக்கை. அன்னாரும் அதனைப் பகிர்ந்தார். அந்நம்பிக்கையைப் பிற்காலத்து எண்கள் இருவகையாகவும் சோதித்துள்ளன. 2015இல் மைத்திரிபால சிறிசேன 51 வீதத்துக்குச் சற்றுக் கூடிய வாக்கோடு வென்றபோது வடக்குக் கிழக்கு வாக்கின்றி அவ்வெற்றி இல்லை. 2019இல் அதே வடக்குக் கிழக்குப் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தும் கோட்டாபய ராஜபக்ச 52 வீதத்தோடு வென்றார். ஆகவே அம்முறை சிறுபான்மையோர்க்குக் காவலுமன்று, கேடுமன்று. பெரும்பான்மையோர் தம்முட் பிளவுபட்ட அளவே சிறுபான்மையோரின் பெறுமதி. வில்சன் தம் கருத்தை மாற்றிக்கொள்ள 2019 வரை காத்திருக்கவில்லை. 1988இல் எழுதிய நூலுக்கு ‘இலங்கையின் உடைவு’ எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். தாம் நேரிற் கண்டும் கேட்டும் அறிந்த பேச்சுவார்த்தைகளை அதில் விரித்துரைத்தார். எட்டாண்டுக்குள் நம்பிக்கையிலிருந்து உடைவுக்கு வந்த ஓர் அறிஞரின் பயணம் அவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்குப் புலனாகும். ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறச் செல்லும் கல்விமான் தன் சொல்லை அவர் கேட்பார் என்று நம்பாவிடிற் செல்லவே மாட்டான். நம்பினாலோ, எப்போது எழுந்து வருவது என்பதை அறியமாட்டான். வில்சன் எழுந்து வரச் சற்றுத் தாமதித்தார் என்று கூறுவது நியாயமே. ஆயினும் அத்தோல்வியை மறையாது எழுதி வைத்த நேர்மை சிறியதன்று.

செல்வநாயகம் அவர்களின் வாழ்க்கை வரலாறு 1994இலும், இலங்கைத் தமிழ்த் தேசியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய நூல் 2000இலும் வெளிவந்தன. இவ்வெழுத்துக்களிற் கிழக்குக்குக் கிடைத்த இடம் வடக்குக்குக் கிடைத்ததற்கு ஈடானதன்று. தலைவரைச் சுற்றி வரலாறு எழுதின் தலைவர் வாழ்ந்த ஊரே வரலாற்றின் நடுவாகும். இது வில்சனுக்கு மட்டும் உரிய குறையன்று. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயிற் காரியங்களைக் குடிகள் தமக்குள் பங்கிட்டு, வண்ணக்கர் வழியே நடத்தி வரும் முறையை அரசியல் விஞ்ஞானி ஒருவர் நின்று கவனித்திருப்பின், அதிகாரப் பகிர்வுக்கு உதாரணந் தேடிச் சுவிற்சர்லாந்து வரை செல்லவேண்டியிராது. முறை வழுவின் வழக்கு வரும் என்பதும் அங்கு எல்லார்க்கும் தெரியும்.

வில்சன் ஆராய்ந்த தொகுதிகள் இன்றில்லை. 1989ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் மாவட்டமே தொகுதி. ஆசனங்கள் விகிதாசாரப்படி பகிரப்படுகின்றன. 1988இல் இணைந்த வடக்கும் கிழக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2007இற் பிரிந்தன. கிழக்கு மாகாண சபை 2008இலும் 2012இலும் தெரியப்பட்டு, 2017இற் பதவிக்காலம் முடிந்தது. 2024 நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. யாழ்ப்பாணமும் அவ்விருபத்தொன்றில் அடக்கம். எஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. அங்குள்ள ஐந்து ஆசனங்களுள் மூன்று தமிழரசுக் கட்சிக்கும், ஒன்று தேசிய மக்கள் சக்திக்கும், ஒன்று முஸ்லிம் காங்கிரசுக்கும் சென்றன. அக்கட்சி வளர்ந்த வடக்கு அதனைக் கைவிட்ட தேர்தலில் வாவிக்கரை அதனைத் தாங்கிக்கொண்டது. 1977இன் கணக்கை எழுதி வைத்தவர் இதனையும் கண்டிருப்பின், இன்னுமொரு நூலுக்குப் பொருள் கிடைத்திருக்கும்.