ராத்திரி பல் துலக்காத பிள்ளைகளை துலக்க வைக்க செல்போன் 'ஆப்': புளியஞ்சோலைக்கு ஒத்து வருமா?

துறையூர்,

செல்போனை பிடுங்கினாலும் பிள்ளை அழுகிறது. பிரஷ்ஷை கையில் கொடுத்தாலும் அழுகிறது. அந்த செல்போனை வைத்தே பிரஷ்ஷை பிடிக்க வைத்தால் என்ன? இப்படி யோசித்ததில் பிறந்தவை தான் பல் துலக்க சொல்லித்தரும் செல்போன் 'ஆப்'கள்.

டெல்லியில் இருக்கிறது, லண்டனில் இருக்கிறது என்றால் சரி. கொல்லிமலை அடிவாரத்தில், திருச்சியில் இருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி இருக்கும் புளியஞ்சோலை மாதிரி ஊருக்கு இது ஒத்து வருமா? ஒத்து வர வேண்டும் என்றால் அந்த ஆப் எப்படி இருக்க வேண்டும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பல் வலி வந்தால் கூலி போச்சு

பல் வலி பகலில் கூட பொறுத்துக் கொள்ளலாம். ராத்திரியில் தான் உயிர் போகும். பிள்ளை தூங்காது, வீட்டில் யாரும் தூங்க முடியாது. விடிந்ததும் பஸ் பிடித்து துறையூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும். அன்றைக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி போச்சு. பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு. ஒரு தடவையில் முடியாவிட்டால் இன்னும் இரண்டு நாள். மாத்திரை செலவு, பஸ் செலவு தனி.

ஆக, டவுன்காரர்களை விட பல்லை அதிகம் பாதுகாக்க வேண்டியவர்கள் மலை அடிவாரத்து ஜனங்கள் தான்.

பாதிக்கு மேல் சொத்தை

இந்திய பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு ஆய்வு நடத்தியது. அதில் 12 வயது பிள்ளைகளில் 100-க்கு சுமார் 54 பேருக்கு சொத்தை பல் இருந்தது. 15 வயதில் இது சுமார் 63 ஆக இருந்தது. வயது ஏற ஏற சொத்தையும் ஏறுகிறது.

உலகம் முழுக்க பால் பல் சொத்தையால் அவதிப்படும் குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

சொத்தை எப்படி வருகிறது?

வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. நாம் தின்கிற இனிப்பை அவையும் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக கரைக்கிறது. எச்சில் ஊறி அந்த அமிலத்தை சரிக்கட்ட அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் மறுபடி ஒரு மிட்டாய், ஒரு பிஸ்கட், ஒரு சர்க்கரை டீ என்று போய்க்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பது மட்டும் கணக்கு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தின்றோம் என்பதும் கணக்கு.

தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும். அதனால் ராத்திரி சாப்பிட்டு விட்டு வாயை அப்படியே விட்டு தூங்கினால் விடிய விடிய கிருமிக்கு விருந்து தான். நம் ஊரில் காலையில் பல் துலக்காத வீடு கிடையாது. ராத்திரி துலக்குகிற வீடு எத்தனை? செல்போன் ஆப் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த ராத்திரி பழக்கத்தை உண்டாக்குவது தான்.

6 வயது பல்லை விட்டுடாதீங்க

"பால் பல்லு தானே, விழுந்தா முளைச்சிடும்" என்று பலர் விட்டு விடுகிறார்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சுமார் 6 வயதில், பால் பற்கள் வரிசைக்கு பின்னால், கடைசியில் ஒரு கடவாய் பல் முளைக்கும். எந்த பல்லும் விழாமலேயே முளைப்பதால் இதையும் பால் பல் என்று நினைத்து விடுகிறோம். ஆனால் அது நிரந்தர பல். வாழ்நாள் முழுவதும் சோறு மெல்ல வேண்டிய பல். 9, 10 வயதில் அது சொத்தையாகி பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பல் வரவே வராது.

எனவே 1-ம் வகுப்பு, 2-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு தான் இந்த ஆப் முதலில் போய் சேர வேண்டும்.

எங்கெங்கே இருக்கு?

இங்கிலாந்தில் பென் அண்டர்வுட் என்ற பல் டாக்டர் 'பிரஷ் டி.ஜே.' என்ற ஆப்பை கொண்டு வந்தார். பிள்ளைக்கு பிடித்த பாட்டை 2 நிமிடம் போட்டு, அது முடியும் வரை பல் துலக்க வைப்பது தான் அதன் வேலை. இந்த ஆப் பற்றிய ஆய்வு 2015-ல் வெளியானது. உபயோகித்து பார்த்து பதில் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர், அதிக நேரம் துலக்க அது தூண்டியதாக சொன்னார்கள்.

நம் நாட்டில் மத்திய சுகாதார துறையும் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய 'இ-தந்த் சேவா' என்ற இணையதளத்தையும் ஆப்பையும் 2019 அக்டோபர் 7-ந்தேதி அப்போதைய மத்திய மந்திரி ஹர்ஷ்வர்தன் தொடங்கி வைத்தார். அறிகுறியை சொன்னால் என்ன பிரச்சினையாக இருக்கலாம் என்று காட்டும் வசதியும், பக்கத்தில் பல் ஆஸ்பத்திரி எங்கே என்று காட்டும் வசதியும் அதில் வைக்கப்பட்டன. பிறகு எய்ம்ஸ் பல் மருத்துவ பிரிவு குழந்தைகளுக்காகவே 'ஹெல்தி ஸ்மைல்' என்ற ஆப்பை கொண்டு வந்தது. இசையோடு 2 நிமிட டைமர் அதில் உண்டு. ஆனால் வெளியானது இந்தியிலும் ஆங்கிலத்திலும்.

தமிழகத்தில் பள்ளி மாணவ- மாணவிகளின் பற்களை பரிசோதிக்க 'புன்னகை' என்ற திட்டத்தை அரசு 2023-ல் தொடங்கியது. ஆனால் பரிசோதனை என்பது எப்போதாவது ஒரு நாள் நடப்பது. மீதி நாட்களில் பல்லை பார்த்துக்கொள்ள வேண்டியது வீடு தான்.

வீட்டுக்கு ஒரு போன்

சரி, புளியஞ்சோலைக்கு வருவோம். ஆப் செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "போன் யாருடையது?" என்பது தான். கூலி வேலைக்கு போகும் வீட்டில் பிள்ளைக்கு என்று தனி போன் கிடையாது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா சட்டைப் பையில் இருக்கும். காலையில் பிள்ளை எழுந்திருக்கும் முன்பே அப்பாவோடு போன் கிளம்பி விடும்.

ஆனால் ராத்திரி 8 மணிக்கு போன் வீட்டில் இருக்கும். எப்படியும் ராத்திரி பழக்கம் தான் முக்கியம் என்பதால் இது நல்லதாக போச்சு. ஒரே போனில் அண்ணன், தங்கை இரண்டு பேர் கணக்கையும் வைக்க இடம் வேண்டும்.

அடுத்து சிக்னல். மலை மறைக்கிற இடத்தில் டவர் வரும், போகும். பாட்டு போட ஒவ்வொரு தடவையும் நெட் கேட்டால் அந்த ஆப் ஒரு வாரத்தில் குப்பைக்கு போய்விடும். ஒரு தடவை இறக்கி விட்டால் போதும், பிறகு நெட் இல்லாமலே ஓட வேண்டும். விலை குறைந்த பழைய போனிலும் ஓட வேண்டும்.

பேச வேண்டும், படிக்க சொல்லக் கூடாது

1-ம் வகுப்பு பிள்ளைக்கு படிக்க வராது. ராத்திரி பிள்ளையை பார்த்துக் கொள்ளும் பாட்டிக்கும் படிக்க வராமல் இருக்கலாம். எனவே ஆப் பேச வேண்டும். அதுவும் நம்ம ஊர் பேச்சில். "கீழ்த்தாடையின் உட்புற பரப்பை துலக்கவும்" என்றால் யாருக்கும் புரியாது. "கீழ்ப்பல்லு உள்பக்கம் தேய்டா கண்ணு" என்றால் பாட்டியும் கூடவே சொல்லித் தருவாள்.

வாயை 4 பாகமாக பிரிக்க வேண்டும். மேலே வலது, மேலே இடது, கீழே வலது, கீழே இடது. ஒரு பாகத்துக்கு 30 வினாடி. மொத்தம் 2 நிமிடம். பாகம் மாறும்போது பாட்டில் ஒரு மணி அடித்தால் போதும். பிள்ளை திரையை பார்க்க தேவை இல்லை. போன் திண்ணையில் இருக்கட்டும், பிள்ளை வாசலில் நின்று துலக்கட்டும். போனை கையில் பிடித்தபடி துலக்கினால் பல்லும் சுத்தமாகாது, போனும் தண்ணீரில் விழும்.

ஸ்டார் கொடுக்கலாம், மிட்டாய் வேண்டாம்

தினமும் துலக்கினால் ஒரு ஸ்டார், 7 நாள் சேர்ந்தால் ஒரு புலி படம் என்று கொடுத்தால் பிள்ளைகள் விட மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் தவறினால் எல்லா ஸ்டாரையும் அழிக்கிற மாதிரி ஆப் இருக்கக் கூடாது. திருவிழா வரும், காய்ச்சல் வரும், அப்பா வர நேரமாகும். "எல்லாம் போச்சு" என்று ஆனால் பிள்ளை அதோடு விட்டு விடும். நேற்று விட்டதை மன்னித்து, இன்றைக்கு கூப்பிடுகிற ஆப் தான் நிற்கும்.

வகுப்பில் யாருக்கு சொத்தை அதிகம் என்று பட்டியல் போட்டு அவமானப்படுத்தவும் கூடாது. பிரஷ் வாங்க காசில்லாத பிள்ளை அதில் கடைசியில் நிற்கும். துலக்காமலே பட்டனை அமுக்கி ஸ்டார் வாங்கும் கில்லாடிகளும் உண்டு. அதற்கு, வீட்டில் ஒரு பெரியவர் பார்த்து விட்டு அமுக்குகிற மாதிரி வைத்தால் போதும்.

பெயர், போட்டோ பத்திரம்

பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், பல் போட்டோ எல்லாம் கேட்கிற ஆப் என்றால் பெற்றோர் உஷாராக இருக்க வேண்டும். 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலை பெற்றோர் சம்மதம் பெற்று தான் கையாள வேண்டும் என்கிறது. பிள்ளைகளை குறி வைத்து விளம்பரம் காட்டவும் அது தடை போடுகிறது. பல் துலக்கும் ஆப்பில் நடுவே சாக்லேட் விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்? உண்மையில் இந்த ஆப்புக்கு பிள்ளையின் பெயரே தேவை இல்லை. ஒரு மயில் படம், ஒரு கிளி படம் போதும்.

பேஸ்ட் எவ்வளவு?

விளம்பரத்தில் பிரஷ் முழுக்க பேஸ்ட் வைப்பார்கள். அதை பார்த்து வைக்காதீர்கள். 3 வயதுக்குள் என்றால் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. ப்ளூரைடு உள்ள பேஸ்ட் சொத்தையை தடுக்கும். துலக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணீரால் பல தடவை கொப்பளித்தால் அந்த மருந்து போய்விடும். சாம்பல், செங்கல் பொடி பல்லை அரித்து விடும். வேப்பங்குச்சியில் துலக்குகிறவர்கள் துலக்கலாம், ஆனால் அதில் ப்ளூரைடு கிடையாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் சில ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ப்ளூரைடு அதிகம். அங்கே பல்லில் பழுப்பு கறை விழும். அப்படி கறை இருந்தால் எந்த பேஸ்ட் என்று பல் டாக்டரை கேட்டு தான் முடிவு செய்ய வேண்டும். ஆப்பும் இதை சொல்ல வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே மருந்து சொல்லக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்?

பல் துலக்க வைப்பதோடு ஆப்பின் வேலை முடியவில்லை. பல்லில் கறுப்பு புள்ளி, குழி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் என்றால் வலிக்கும் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈறில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். வீக்கத்தால் வாய் திறக்க, விழுங்க, மூச்சு விட கஷ்டம் என்றால் உடனே 108. சந்தேகம் கேட்க 104. இந்த இரண்டு நம்பரும் ஆப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அரசு பள்ளிகளுக்கு வரும் மருத்துவ குழுவும் பல்லை பார்க்கிறது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத்திட்டத்தில் பல் பிரச்சினையும் சேர்க்கப்பட்டுள்ளது. குழு வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

டவுன்லோடு கணக்கு வேண்டாம்

"லட்சம் பேர் டவுன்லோடு செய்தார்கள்" என்று விளம்பரம் செய்வது சுலபம். மூன்று மாதம் கழித்து எத்தனை பிள்ளைகள் ராத்திரி துலக்குகிறார்கள், பல்லில் அழுக்கு குறைந்ததா என்று டாக்டர் பார்த்து சொல்வது தான் உண்மையான கணக்கு. ஆப் வந்த புதிதில் ஆர்வம் இருக்கும். போகப்போக சலிக்கும். அங்கே தான் பள்ளிக்கூடம் கைகொடுக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் அரசு தொடக்க பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் வரிசையாக நின்று ஒன்றாக கை கழுவி, ஒன்றாக பல் துலக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கு செல்போன் தேவைப்படவில்லை. தண்ணீர் குழாயும், பிரஷ்ஷும், கூட நிற்க ஒரு டீச்சரும் தான் தேவைப்பட்டார்கள். நம் ஊரில் சத்துணவு சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்க சொன்னால் கூட நல்ல தொடக்கம்.

பட்டன் போன் உள்ள வீட்டையும் மறக்கக் கூடாது. புகையிலையை விட நினைப்பவர்களுக்காக மத்திய சுகாதார துறை 2016-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்.எம்.எஸ். வழியாக ஆலோசனை வரும். அதே மாதிரி தினமும் ராத்திரி 8 மணிக்கு ஒரு போன் வந்து 2 நிமிட பாட்டு பாடினால் புளியஞ்சோலையில் எந்த போனிலும் வேலை செய்யும்.

ஆப் வரும் வரை

தமிழில் பேசி, நெட் இல்லாமல் ஓடி, விளம்பரம் காட்டாத ஆப் ஒன்றை யாராவது செய்தால் நல்லது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இருக்கிற போனில் ராத்திரி 8 மணிக்கு அலாரம் வையுங்கள். பிள்ளைக்கு பிடித்த சினிமா பாட்டை 2 நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் துலக்குங்கள். 7, 8 வயது வரை பிள்ளை தானாக சரியாக துலக்காது என்பதால், கடைசியில் ஒரு தடவை நீங்கள் துலக்கி விடுங்கள். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதீர்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷை மாற்றுங்கள். ஒரு பிரஷ்ஷை இரண்டு பேர் உபயோகிக்க வேண்டாம்.

இதற்கு ஆகும் செலவு ஒரு பிரஷ், ஒரு சின்ன பேஸ்ட். பல் பிடுங்க திருச்சி போய் வரும் பஸ் செலவை விட குறைவு தான்.